எட்டு மீற்றர் பிழை

மணி என்ன என்று கேட்டால் அவரிடமிருந்து ஒற்றை வார்த்தையில் பதில் வராது. கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். பிறகு, "பத்தேகால். என்ட மணிக்கூடு ரெண்டு நிமிஷம் முந்தி ஓடுற, பாத்துக்கோங்க" என்பார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாலும் அப்படித்தான். "சீனி ஒண்டரைக் கரண்டி போட்ட. கொஞ்சம் கூடவும் ஈக்கலாம்." நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்டால் எட்டரை என்று சொல்லிவிட்டு, கட்டுகஸ்தோட்டையில் வாகனம் இறுகினால் ஒன்பது என்றும் சேர்த்துக்கொள்வார். எங்கள் அலுவலகத்தில் அவருக்கு 'ப்ளஸ் மைனஸ் மிஸ்' என்று பட்டப்பெயர் இருந்தது. வைத்தவன் நான். அவர் காதிலும் விழுந்திருக்கிறது. சிரித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அவருடைய சொந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதலாமா என்று அவரைக் கேட்க வேண்டும். கேட்க எனக்கு முகமில்லை.

கண்டியில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. மண்சரிவு வரக்கூடிய இடங்களை அளந்து வரைபடம் போட்டுக் கொடுக்கும் சின்ன நிறுவனம். இப்போது அது இல்லை. அவர் வெளிக்கள அளவையாளர். கையில் அடங்கும் ஒரு ஜி.பி.எஸ். கருவியோடு மலை ஏறி, வீடு, கிணறு, மழைநீர்க் கான், நிலத்து வெடிப்பு என்று ஒவ்வொன்றின் மேலும் நின்று புள்ளி எடுத்து வருவார். நான் அந்தப் புள்ளிகளைக் கணினியில் ஏற்றி, படமாக்கி, கொழும்பில் இருந்த மேலதிகாரிக்கு அனுப்புவேன். மிஸ் அக்குறணைப் பக்கத்து முஸ்லிம் பெண். நாற்பதைத் தாண்டியவர். கறுப்பு அபாயாவுக்குக் கீழே ரப்பர் பூட்ஸ் போட்டிருப்பார். அட்டை ஏறாமல் இருக்க காலுறையில் சவர்க்காரம் தேய்த்திருப்பார். நான் புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடான லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவன். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன். சொல்லாமல் விட்டால் பிறகு நடந்தது பாதிதான் விளங்கும்.

அந்தக் கருவியைப் பற்றி ஒன்றே ஒன்று தெரிந்தால் போதும். மேலே இருக்கும் செயற்கைக்கோள்களிலிருந்து சமிக்ஞை வாங்கி, நாம் நிற்கும் இடத்தின் எண்களைத் திரையில் காட்டும். அதற்குக் கீழே சின்னதாக இன்னொரு எண் வரும். நான் சொல்வது இத்தனை மீற்றர் அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ தப்பாக இருக்கலாம் என்று கருவியே ஒப்புக்கொள்ளும் எண் அது. வெட்டவெளியில் மூன்று, நான்கு என்று இருக்கும். மலைச்சரிவில், மரத்துக்குக் கீழே எட்டு, பத்து, சில நேரம் பதினைந்து. அளக்கப் போகிறவர்களில் பெரும்பாலானோர் அதைப் பார்ப்பதே இல்லை. அவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அதனால் அவரோடு வேலைக்குப் போனால் நாள் முழுக்கக் காத்திருப்புத்தான். ஒரு புள்ளிக்குப் பத்து நிமிடம், கால் மணி நேரம் என்று கருவியை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு அசையாமல் நிற்பார். மழை தூறினாலும் நிற்பார். நான் வேனுக்குள் இருந்து ஹோர்ன் அடிப்பேன்.

"அவசரப்படுத்தாதீங்க தம்பி. மேல ஈக்குறது ஒவ்வொண்டா தான் வரும்."

ஒரு நாள் எனக்குப் பொறுமை போய், இன்னொரு கருவியை எடுத்துக்கொண்டு நானே கிளம்பினேன். பாதையில் நின்றபடி, பள்ளத்தில் தெரிந்த ஒன்பது வீடுகளுக்கும் ஒரு மணி நேரத்தில் புள்ளி போட்டுக்கொண்டு வந்தேன். அவர் திரையைப் பார்த்தார். ஒன்பதும் பாதையோரத்தில் வரிசையாக நின்றன.

"தம்பி, இது நீங்க நிண்ட இடம். வூடு ஈக்குற இடமில்ல."

கோபமாகச் சொல்லவில்லை. ஒன்பதையும் அழித்துவிட்டு அவரே பள்ளத்தில் இறங்கினார். திரும்பி வரும்போது மூன்று மணியாகிவிட்டது. வேன் சாரதி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். நான் பசி என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன்.

தெல்தோட்டைப் பக்கம் ஒரு முறை போயிருந்தபோது, பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர் இருவர் எங்களைப் பிடித்துக்கொண்டார்கள். நடுவில் ஒரு பலா மரம். யாருடைய வளவில் நிற்கிறது என்று வருடக்கணக்காக இழுபறி. வானத்திலிருந்து அளக்கிற மெஷின் வந்திருக்கிறது, இன்றைக்குத் தீர்ந்துவிடும் என்று இருவருக்கும் ஒரே சந்தோஷம். அவர் கருவியை மரத்தடியில் வைத்து ஒரு புள்ளி எடுத்தார். அந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டார். அரை மணி நேரம் கழித்து, அதே புள்ளிக்கு வழி காட்டும்படி கருவியைக் கேட்டு, அது காட்டிய பக்கமாக நடந்தார். அது கொண்டுபோய் விட்ட இடம் குச்சியிலிருந்து ஆறு அடி எடுத்து வைக்கிற தூரம். அங்கே இன்னொரு குச்சி நட்டார்.

"இந்த மெஷின் இவ்வளவு தான் வாப்பா. இத நம்பி மரத்த வெட்டிராதீங்க."

இருவரும் இரண்டு குச்சிகளையும் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேனில் ஏறியதும், "நம்ம மெஷின நாமளே கேவலப்படுத்தலாமா மிஸ்?" என்று கேட்டேன்.

"கேவலப்படுத்தல்ல தம்பி. அதுட அளவ சென்ன. அளவு தெரிஞ்சா தான் அது உதவி. தெரியாட்டி பொய்."

நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். இந்த மாதிரி ஆளோடு காலம் தள்ளுவது கஷ்டம் என்று நினைத்தேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவரின் பக்கத்தில் இருந்தால், தெரிந்த மாதிரி காட்டிக்கொள்கிறவனுக்கு உட்கார்ந்த இடம் குத்தும். எனக்குக் குத்தியது. அதைத்தான் எரிச்சல் என்று எடுத்துக்கொண்டேன்.

ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் அந்தப் பன்னிரண்டு காம்பரா லயம் இருந்தது. முந்திய வருட மழையில் லயத்துக்குப் பின்னால் மலை வெடித்துவிட்டது. கை நுழையும் அகலத்துக்கு நீளமான வெடிப்பு. அந்த வெடிப்பிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் இருக்கும் குடும்பங்களுக்குக் கீழே பாதையோரத்தில் புது வீடு கட்டிக் கொடுப்பதாக ஏற்பாடு. யார் உள்ளே, யார் வெளியே என்று நாங்கள் அளந்து சொல்ல வேண்டும்.

அவர் வெடிப்பின் நெடுகிலும் புள்ளி எடுத்தார். பிறகு ஒவ்வொரு காம்பராவின் வாசலிலும் நின்றார். பின்னால் செங்குத்தான சரிவு, பக்கத்தில் சவுக்கு மரங்கள். கருவி எட்டு மீற்றர் பிழை என்று காட்டிக்கொண்டே இருந்தது. காலையில் எடுத்ததைப் பின்னேரமும் எடுத்துப் பார்த்தார். எண் இறங்கவில்லை. ஒரு வாசலுக்கும் அடுத்த வாசலுக்கும் இடையில் மூன்று மீற்றருக்குக் கொஞ்சம் கூடுதல்தான். அதனால் திரையில் வாசல்கள் பல இடம் மாறிக் குழம்பிக் கிடந்தன.

"பாருங்க, அஞ்சாம் காம்பரா ஏழுக்கு அங்கால போய்ட்டு" என்று கூடி நின்ற பெண்களிடம் காட்டினார். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஒன்பதாம் காம்பராவில் இருந்தவர் செல்வராணி அக்கா. கொழுந்து எடுப்பவர். புருஷன் கொழும்பில் கடையொன்றில் வேலை. இரண்டு பெண் பிள்ளைகள். அவர்தான் பிளேன்டீயோடு வந்து கேட்டார்.

"நாங்க உள்ளுக்கா வெளியவா மிஸ்?"

"எனக்குத் தெரியா தங்கச்சி. இந்த மெஷினுக்கும் தெரியா. அதத்தான் எழுதி வச்சீக்கிறன்."

தன் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து அவருக்கு வாசித்தும் காட்டினார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். பிழை என்ற நிரலில் பன்னிரண்டு வரிகளுக்கும் எட்டு, எட்டு என்று போட்டிருந்தார். குறிப்பு என்ற நிரலில், 'எந்தக் காம்பரா உள்ளே, எது வெளியே என்று இக்கருவியால் பிரிக்க முடியாது. அளவு நாடா பிடித்து மறுபடி அளக்கவும். இல்லையேல் லயம் முழுவதையும் உள்ளே என்று எடுக்கவும்' என்று எழுதியிருந்தார். செல்வராணி அக்கா அதைக் கேட்டுவிட்டு, "அப்ப சரிங்க மிஸ்" என்றார். அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன்.

மிஸ் புத்தகத்தை அலுவலக வழக்கப்படி என்னிடம் ஒப்படைத்தார். நான் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி அனுப்பினேன். மறுநாள் கொழும்பிலிருந்து மேலதிகாரி தொலைபேசியில் வந்தார்.

"இந்தக் கடைசி ரெண்டு நிரலும் என்னத்துக்கு? நாங்களே பிழை பிழை எண்டு எழுதி அனுப்பினா வாசிக்கிறவன் எங்கள நம்புவானா? சுத்தமா அனுப்பும்."

"சரி சார்" என்றேன்.

இரண்டு நிரல்களையும் தெரிவுசெய்து அழித்தேன். ஒரு நொடி வேலை. அட்டவணை அழகாக ஒரே பக்கத்துக்குள் அடங்கியது. அதில் எனக்கு ஒரு திருப்திகூட வந்தது. பிழை இல்லாத புள்ளிகளை வைத்துக்கொண்டு கணினி ஒரு கோடு போட்டது. கோடு எட்டாம் காம்பராவுக்கும் ஒன்பதாம் காம்பராவுக்கும் நடுவால் போனது.

அதை நான் கவனிக்கவில்லை என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். கவனித்தேன். பெரிதாக்கிக்கூடப் பார்த்தேன். லயத்தில் பிறந்தவனுக்கு அந்தச் சுவர் என்ன சுவர் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் அப்பா இருமினால் மூன்றாவது காம்பராவில் எழும்பி, என்னண்ணே என்று கேட்பார்கள். ஒரே கூரை, ஒரே அத்திவாரம், ஒரே கான். மலை சரிந்தால் காம்பரா நம்பர் பார்த்துச் சரியாது. இதெல்லாம் தெரிந்த ஒருவன் அந்த அலுவலகத்தில் உண்டென்றால் அது நான்தான். ஆனால் அந்த மாதத்தோடு என் வேலை ஒப்பந்தம் முடிகிறது. அனுப்பும் பொத்தானை அழுத்தினேன்.

பட்டியலை வாசிக்க மேலதிகாரியே வந்தார். தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், தொட்டில்களை ஒதுக்கிவிட்டுக் கூட்டம். ஒன்று முதல் எட்டு வரை பெயர்களை வாசித்துவிட்டுக் காகிதத்தை மடித்தார். பிறகு செல்வராணி அக்கா எழும்பி, "எங்களுக்கும் எட்டாம் நம்பருக்கும் சுவரு ஒண்ணுதானுங்களே சார்?" என்று கேட்டார். மேலதிகாரி, அளவு அப்படித்தான் காட்டுகிறது என்றார்.

அப்போது பின்வரிசையில் மிஸ் எழும்பினார்.

"சேர், அளவு அப்படிக் காட்டல்ல. எட்டு மீட்டர் பிழை ஈக்கு எண்டு எழுதித் தந்தீக்கிறன். ஒரு காம்பரா மூணு மீட்டர். இத வச்சு இவங்கள பிரிக்க ஏலா."

மேலதிகாரி என் பக்கம் திரும்பினார். "அப்பிடி ஒண்டு வந்ததா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தார், என்னை நம்பித்தான் பார்த்தார். புத்தகத்தை வாசித்துக் காட்டியபோது நான் பக்கத்தில் நின்றவன், அதோடு அவர்களுடைய ஆள். அந்தப் புத்தகத்தைப் பூட்டி வைத்திருந்த என் மேசை லாச்சியின் சாவி காற்சட்டைப் பையில் இருந்தது. கை தானாகப் போய் அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டது.

"அனுப்பின ஷீட்ல அப்படி ஒண்ணும் இல்ல சார்" என்றேன்.

ஒவ்வொரு சொல்லும் உண்மை. அனுப்பிய ஷீட்டில் அப்படி ஒன்றும் இருக்கவில்லைதான். இப்படி உண்மையை வெட்டி ஒட்டிப் பொய் செய்யும் சாமர்த்தியம் எனக்கு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

மிஸ் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. புள்ளி எடுக்கும்போது நிற்பதைப் போல அசையாமல் நின்றார். இன்னும் ஒரு வார்த்தை வரும் என்று எனக்காகக் காத்திருந்தார். நான் தரையைப் பார்த்தேன். கடைசியில், "புத்தகம் ஓபிஸ்ல ஈக்கு சேர். அத பாருங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். "பாப்பம்" என்றார் மேலதிகாரி. ஒருவரும் பார்க்கவில்லை.

என் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. அவருடையது நீட்டிக்கப்படவில்லை, பதிவுகளில் கவனக்குறைவு என்று காரணம் எழுதியிருந்தார்கள். கவனக்குறைவாம், அவருக்கு. அந்தக் கடிதத்தை நான்தான் அவர் கையில் கொடுத்தேன். கருவியைத் திருப்பித் தரும்போது, "இதுல ஒரு பட்டன் சில நேரம் ஒட்டிக்கொள்ற. அடுத்து வாறவருக்குச் செல்லுங்க" என்றார். படியிறங்கப் போனவர் திரும்பி வந்தார்.

"தம்பி, அந்தப் புத்தகத்த ஒருக்கா அவருக்குக் காட்டுங்க. எனக்காக இல்ல."

"காட்டுறேன் மிஸ்."

காட்டவில்லை. நாளைக்கு, அடுத்த கிழமை என்று தள்ளித் தள்ளி, எட்டு வீடுகளும் கட்டி முடிந்துவிட்டன. அலுவலகத்தை மூடியபோது பழைய காகிதங்களைச் சாக்கில் கட்டி எறிந்தோம். புத்தகத்தையும் அந்தச் சாக்குக்குள் போட்டது என் கைதான்.

ஆறு வருடம் கழித்து, கூட வேலை செய்த ஒருவரின் கல்யாணத்துக்காக ஹுன்னஸ்கிரியவுக்குப் போக நேர்ந்தது. மஹியங்கனை பஸ்ஸில் வந்து இறங்கியபோது கல்யாண வீட்டுக்குப் போக இன்னும் நேரம் இருந்தது. எதற்கு என்று தெரியாமலே மேலே ஏறினேன். லயம் பாதிதான் இருந்தது. எட்டுக் குடும்பங்களும் கீழே போனதும் தோட்ட நிர்வாகத்தார் அவர்களுடைய கூரைத் தகரங்களைக் கழற்றிவிட்டார்கள். எட்டுக் காம்பராக்களுக்குள்ளும் புல் வளர்ந்திருந்தது. எட்டுக்கும் ஒன்பதுக்கும் இருந்த அந்தப் பொதுச் சுவர் இப்போது வெளிச்சுவர். மழை அடித்து அதில் பாசி ஏறியிருந்தது.

செல்வராணி அக்கா என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "அட, ஓபிஸ் தம்பி! வாங்க, உள்ளுக்கு வாங்க." கதிரையைத் துடைத்துப் போட்டார். பிளேன்டீ ஊற்றினார். மூத்த மகள் உயர்தர வகுப்பு படிக்கிறாள் என்றார். பலத்த மழை என்றால் நாலு குடும்பமும் பாய் தலையணையோடு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவோம் என்றார்.

"போன ஐப்பசியில எட்டு நாளு அங்கதான் தம்பி. மிஸ் தான் போன் பண்ணி எழுப்பி விட்டாங்க."

"எந்த மிஸ்?"

"நம்ம மிஸ் தான், மெஷினு புடிச்சவங்க. மழை எச்சரிக்கை வந்தா விடிய முந்தி போன் வந்துரும். இப்ப போங்க, துணிய அப்பறம் எடுக்கலாம்பாங்க. வருசத்துக்கு ஒருக்கா வந்து வெடிப்பையும் பாத்துட்டுப் போவாங்க. அவங்க காசுல பஸ் ஏறி."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"ஒரு தடவ நான் கேட்டே புட்டேன். ஏன் மிஸ் இம்புட்டு செய்றீங்கன்னு. அது என்ட பிழை தங்கச்சி, எழுதிக் குடுத்ததோட நிண்டுட்டன், பட்டியல் வாசிக்க முந்தி ஒருக்கா பாத்தீக்க வேணும், பாக்கல்லன்னு சொன்னாங்க. சொல்லயில அழுதுட்டாங்க தம்பி."

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

"வேற என்ன? ஓபிஸ்ல யாரையும் ஒரு வார்த்த கொற சொல்லல. எங்களுக்கு அவங்க மேல கோவமே இல்ல. இத நாங்க சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க. நீங்க கூட வேல செஞ்சவரு. நீங்க சொன்னா கேப்பாங்க. நம்பர் தர்றேன். சொல்லுவீங்களா தம்பி?"

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். அழித்தது நான், அக்கா. மூன்றே சொற்கள். என்னைக் கொன்றா போட்டிருப்பார்? ஆனால் அவர் என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். நம்ம ஆளு ஒருத்தர் ஓபிஸ் வேலையில் இருப்பது பெருமை என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளை என்னை மரியாதையோடு பார்த்தாள்.

"சொல்றேன்க்கா" என்றேன்.

எண்ணை வாங்கிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு இரண்டு ஐப்பசி போய்விட்டது. நான் இன்னும் சொல்லவில்லை.